மலைக்குப் போகும் மூட்டையும் அடகுக்குப் போகவிருந்த சங்கிலியும்



இன்று பாடத்திட்டம் பற்றியோ தேர்வு பற்றியோ எழுதப் போவதில்லை. ஒரு முதுகுப்பையைப் பற்றி எழுதப் போகிறேன். 'வாத்தியாருக்கு வேறு வேலை இல்லையா?' என்று சிலர் எண்ணக்கூடும். பொறுமையோடு படித்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் பலர் முகாம்களுக்கும் மலையேற்றங்களுக்கும் பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி வாரத்தில் 'வயிற்றுவலி' என்று பின்வாங்குவதன் காரணம் இதற்குள்தான் இருக்கிறது.

சென்ற பள்ளி விடுமுறைக்குச் சில வாரங்களுக்கு முன்னர், ஒரு சனிக்கிழமை மாலையில் என்னுடைய பழைய மாணவன் ஒருவனின் தாயார் வீட்டிற்கு வந்தார். அவன் ஆறாம் ஆண்டு வரையில் என்னிடம் படித்தவன். இப்பொழுது நான்காம் படிவத்தில் இருக்கிறான். குனோங் தகான் மலைக்கு நான்கு நாள் பயணம் செல்ல அவன் தேர்வு பெற்றிருக்கிறான். அந்த அம்மையார் கையில் இரண்டு பக்கப் பட்டியல் ஒன்று இருந்தது.

"ஐயா, நீங்க மலை ஏறிப் பழக்கமானவங்க. இதுல இருக்கிறதெல்லாம் கட்டாயம் வாங்கணுமா? கடையில விசாரிச்சேன், ஆயிரத்து முந்நூத்தம்பது வெள்ளி ஆகும்ங்கிறாங்க. சங்கிலிய வச்சா கிடைச்சிரும். ஆனா இவன் நான் போகலேன்னு சொல்லிட்டு ராத்திரியெல்லாம் தூங்காம கிடக்கிறான்" என்றார்.

யார் ஏற்பாடு செய்த பயணம் என்பது இங்குத் தேவையில்லை. அவர்களுக்குத் தீய எண்ணம் ஏதும் இருந்திருக்காது. ஆனால், அந்தப் பட்டியலைப் படித்தபொழுது எனக்குச் சினம் வந்தது உண்மை. எழுபது லிட்டர் பை. ஆளுக்கொரு கூடாரம். பறவையிறகு அடைத்த, உறைபனிக்குத் தாங்கும் உறக்கப்பை. கணுக்கால் மூடும் தோல் காலணி. டி-சட்டை ஆறு, நீளக் காற்சட்டை நான்கு. கெட்டி நெகிழிக் குடுவை இரண்டு. தகரத்தில் அடைத்த உணவு எட்டு. எங்கோ பனி பெய்யும் நாட்டில் எழுதப்பட்ட பட்டியலை யாரோ எடுத்து, அதன் தலையில் 'குனோங் தகான்' என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள்!

தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரம் குனோங் தகான், 2,187 மீட்டர். தாமான் நெகாராவின் உள்ளே இருக்கிறது. கோலத் தகான் வழியாக ஏறினால் ஒரு வாரம் பிடிக்கும்; வரிசையாகப் பல குன்றுகளை ஏறி இறங்கிய பிறகே உண்மையான மலை தொடங்கும். மெராப்போ வழி அதைவிடக் குறுகியது. நான்கு நாட்களில் போய்த் திரும்பலாம். அனுமதியும் வழிகாட்டியும் இன்றி யாரும் நுழைய இயலாது. உள்ளே கடை கிடையாது, சாலை கிடையாது. தூக்கிச் சென்றதுதான் உடைமை. ஆகவே, அங்குச் செல்பவனுக்கு மூட்டையின் எடை என்பது சொகுசு பற்றிய பேச்சன்று. முழங்காலும் முதுகும் மட்டுமல்லாமல், வழுக்குப் பாறையில் கால் நிற்குமா நிற்காதா என்பதும் அதைப் பொறுத்ததுதான்.

அந்தப் பையன் ஐம்பது கிலோ இருப்பான். பட்டியல்படி எல்லாவற்றையும் அடைத்தால் என் கணக்கில் பதினேழு கிலோ வந்தது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல்! மலையேறுபவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. இவனுக்குப் பத்துக் கிலோ. ஆக, தாயின் சங்கிலியை அடகு வைத்து, பிள்ளையின் முதுகில் ஏழு கிலோ அதிகம் ஏற்றப் பார்த்தார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. அதே தவற்றை நானே செய்தவன். 2004-ஆம் ஆண்டில் முதன்முறை தகான் ஏறியபொழுது என் மூட்டை இருபத்தொரு கிலோ. ஜீன்ஸ் காற்சட்டை இரண்டு, போர்வை, சார்டின் தகரங்கள், வீட்டுச் சமையலறையிலிருந்து எடுத்த வாணலி, போதாக்குறைக்கு ஒரு தடித்த நாவல்! (அந்த நாவலை ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. ஆற்றைக் கடக்கும்போது நனைந்து இருமடங்கு எடையானது.) இரண்டாம் நாள் மாலையில் இடது முழங்கால் வீங்கியது. என்னோடு வந்த வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் என் பையிலிருந்து வாணலியை எடுத்துத் தன் பையில் செருகிக்கொண்டார். அந்த வெட்கம் இன்றுவரை மறக்கவில்லை.

அந்த அம்மையாரிடம் சங்கிலியைக் கழுத்திலேயே வைத்திருக்கும்படி சொல்லிவிட்டு, மறுநாள் நிறுவையோடு அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். சமையலறையில் மாவு நிறுக்கும் சிறு மின்நிறுவைதான். இரவுச் சந்தையிலோ இரண்டு வெள்ளிக் கடையை ஒத்த கடைகளிலோ மலிவாகக் கிடைக்கும். எடையைக் குறைக்க விரும்புபவன் வாங்க வேண்டிய முதற்பொருள் அதுவே என்பது என் உறுதியான கருத்து. நிறுக்காத வரையில் எல்லாப் பொருளும் 'சும்மா கொஞ்சம்தான்'.

பையன் ஒரு கணக்குப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதத் தொடங்கினான். பொருள், எடை, எதற்கு, யாரோடு பகிரலாம் என்று நான்கு பத்திகள். உணவு, தண்ணீர், எரிவாயு மூன்றும் நாளுக்கு நாள் குறைபவை. அவற்றை நீக்கிய மீதியை அடிப்படை எடை என்பார்கள். அதில் சரிபாதியை மூன்றே மூன்று பொருள்கள் பிடித்துக்கொள்ளும்: பை, படுக்கை, கூரை. எல்லோரும் பல்துலக்கியின் கைப்பிடியை வெட்டுவதைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். பல்துலக்கியில் ஐந்து கிராம் குறையலாம். பையை மாற்றினால் ஒரு கிலோ குறையும்! எனவே பெரியதில்தான் கை வைக்க வேண்டும்.

பையில் தொடங்கினோம். எழுபது லிட்டர் பை வாங்கினால் எழுபது லிட்டருக்குப் பொருள் சேரும். அது மனித இயல்பு. நாங்கள் ஐம்பது லிட்டருக்கு மேல் தேடவில்லை. பழைய பொருள் விற்கும் பண்டல் கடையில் அறுபது வெள்ளிக்கு ஒன்று அகப்பட்டது. 1.3 கிலோ. இடுப்புப் பட்டை நன்றாக இருக்கிறதா, தோள்பட்டைத் தையல் விட்டிருக்கிறதா என்பதை மட்டும் உற்றுப் பார்த்தேன். நிறம் மங்கியிருந்தது, அதனால் என்ன? மழையுறை தனியாக வாங்கவில்லை. மழையுறை போட்டாலும் முதுகுப் பக்கமாக நீர் இறங்கும். தடித்த குப்பைப்பை ஒன்றை உள்ளே விரித்து, அதற்குள் பொருள்களை வைத்து வாயை முறுக்கிக் கட்டினால் ஆற்றில் விழுந்தாலும் நனையாது. விலை சில காசுகள்.

கூரைக்கு, ஆளுக்கொரு கூடாரம் என்பதை நண்பர்கள் நால்வரிடமும் பேசி மாற்றினோம். மூன்றுக்கு மூன்று மீட்டர் பிளைஷீட் ஒன்று, தரைவிரிப்பு ஒன்று. இரண்டும் சேர்ந்து 1.6 கிலோ, நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு 400 கிராம். விலை 120 வெள்ளி, ஆளுக்கு முப்பது. நம் காட்டில் கூடாரத்திற்குள் காற்றில்லாமல் வியர்த்துக் கிடப்பதைவிட இதுவே மேல். ஊஞ்சல் படுக்கை விரும்புவோரும் உண்டு. கீழ்க்காட்டில் அது அருமையானது. மேலே, சிகரத்தை நெருங்கும் பாடாங் பகுதியில் குட்டை மரங்களும் புதர்களுமே என்பதால் அதை நம்பிச் செல்லாதீர்கள்.

படுக்கையில்தான் பட்டியலின் பெரிய வேடிக்கை. பறவையிறகு உறக்கப்பை எடை குறைந்தது, விலை மிகுந்தது, உலர்ந்த குளிர்நாட்டிற்கு உகந்தது. நனைந்தால் கட்டி தட்டிப்போய் வெப்பம் தராது. நம் காட்டிலோ எதுவுமே முழுதாக உலர்வதில்லை. செயற்கை இழை அடைத்த மலிவான மெல்லிய பையே இங்குப் பொருத்தம். 850 கிராம், 89 வெள்ளி. அதன் கீழே விரிக்க நுரைப்பாய். 250 கிராம், இருபது வெள்ளி. யோகா பாய் வீட்டில் இருக்கிறதே என்று கேட்டார் அந்த அம்மையார். நிறுத்துக் காட்டினேன், ஒரு கிலோ! கார் கண்ணாடியில் வெயிலுக்கு வைக்கும் வெள்ளித்தாள் மறைப்பு இருந்தால் அதுவே போதும், அதைப் பயன்படுத்தி நான் பலமுறை உறங்கியிருக்கிறேன்.

இனி, காலணி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

தோல் காலணிக்குப் பட்டியலில் இருந்த விலை 350 வெள்ளி. ஒரு இணை ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. காலில் கட்டிய எடை, முதுகில் சுமக்கும் எடையைவிட நான்கிலிருந்து ஆறு மடங்கு வலிமையைத் தின்னும் என்பதைப் படைவீரர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கின்றன. ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி, முன்னே வீசி, நிறுத்த வேண்டுமல்லவா? போதாததற்கு, 'நீர்புகா' காலணிக்குள் ஆற்றுநீர் மேற்புறமாகப் புகுந்துவிட்டால் வெளியே வரவும் புகாது!

மெராப்போ வழியில் ஏறிப் பாருங்கள். வழிகாட்டிகள் பலரின் கால்களில் இருப்பது என்ன? 'அடிடாஸ் கம்போங்' என்று மலேசியர் எல்லோரும் செல்லமாக அழைக்கும் கறுப்பு இரப்பர் காலணி. ஒரே வார்ப்பு, அடியில் குமிழ்கள், இருபது வெள்ளிக்குள். சேற்றில் பிடிக்கும், நீரில் நனையாது, ஆற்றைக் கடந்து இரண்டு நிமிடத்தில் நீரைக் கொட்டிவிட்டு நடக்கலாம்.

நம் பெற்றோர்களுக்கு இந்தக் காலணியை அறிமுகம் செய்ய வேண்டுமா என்ன? தோட்டத்தில் பிறந்தவர் எவரும் இதை அறிவர். என் தந்தையார் விடியற்காலை இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இதைப் போன்ற இரப்பர் காலணியில்தான் பால்மரக் காட்டுக்குப் போவார். மழை பெய்த மறுநாள் வழுக்கும் மேட்டில், காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிகள் தொங்க, ஒரு சொட்டுச் சிந்தாமல் இறங்கி வருவார். வாளி பாதிதான் நிறைந்திருந்தாலும் இரண்டிலும் சமமாக ஊற்றிக்கொள்வார். எடை ஒரு பக்கம் சாயக்கூடாது என்பார். சுமையைப் பற்றி நான் பின்னாளில் நூல்களில் படித்தவற்றுள் பாதியை அவர் செய்து காட்டியிருக்கிறார். ஆனால், எங்கள் தலைமுறை தோட்டத்தை விட்டு வெளியேறியபொழுது அந்தக் காலணியையும் வறுமையின் அடையாளமாக எண்ணிக் கழற்றி எறிந்துவிட்டோம். அந்தப் பையனின் தாயாரும் முதலில் முகம் சுளித்தார். "மத்த பிள்ளைங்க முன்னால இதைப் போட்டுக்கிட்டுப் போனா என்ன நெனப்பாங்க ஐயா?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் 2004-இல் அப்படி நினைத்துத்தான் கனத்த காலணி வாங்கினேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே மெத்தை கிடையாது. பழக்கமில்லாத பாதம் முதல் நாளே நோகும். ஆகவே ஒரு அளவு பெரியதாக வாங்கி, உள்ளே மெத்தென்ற உள்ளடி ஒன்றை வெட்டிப் போட்டு, தடித்த நீளக் காலுறை அணிய வேண்டும். (காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிவிட்டால் அட்டைக்கும் ஓரளவு தடை.) மூன்று வாரம் திடலில் நடந்து பழக வேண்டும். தட்டைப் பாதம் உள்ளவர்களுக்கும் கணுக்காலில் முன்பே காயம் பட்டவர்களுக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் நல்ல ஓட்டக் காலணி அணிவதே நலம். எங்கள் பையன் மூன்று வாரமும் மாலையில் அந்தக் காலணியோடு, பையில் அரிசிப் பொட்டலங்களை வைத்துக்கொண்டு அடுக்குமாடி வீட்டின் படிகளில் ஏறி இறங்கினான்.

உடைக்கு நாங்கள் செலவழித்தது சொற்பம். பருத்தி நீரைக் குடித்துக் கனத்துக் குளிரூட்டும். ஜீன்ஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். பள்ளி விளையாட்டுச் சட்டை செயற்கை இழைதானே! அதுவே நடக்கும் உடை. மெல்லிய காற்சட்டை ஒன்றும் கம்பளி போன்ற ஃப்ளீஸ் சட்டை ஒன்றும் பண்டல் கடையில் இருபத்திரண்டு வெள்ளிக்குக் கிடைத்தன. நடக்க ஒரு தொகுதி, உறங்க ஒரு தொகுதி, அவ்வளவே. காலையில் ஈர உடையை மீண்டும் உடுத்துவது கொடுமைதான். பத்து நிமிடத்தில் பழகிவிடும். உறங்கும் உடையை மட்டும் எந்தக் காரணத்திற்காகவும் நனைய விடக்கூடாது.

தண்ணீருக்குக் கெட்டிக் குடுவை ஒன்று 180 கிராம். ஒன்றரை லிட்டர் மினரல் நீர்ப் போத்தல் 35 கிராம் அளவில்தான் இருக்கும். அதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆற்றுநீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். எலிச்சிறுநீரால் பரவும் காய்ச்சலைப் பற்றி நம் நாட்டில் அறியாதார் இல்லை.

உணவில் தகரங்களை ஒழித்தோம். சார்டின் தகரத்தில் பாதி நீரும் இரும்பும்தான். அவல், நிலக்கடலை, மைசூர்ப் பருப்பு, பொரித்த நெத்திலி, சத்துமாவு, மீ, மைலோ. நாளுக்கு 650 கிராம். நான்கு நாளுக்கு 2.6 கிலோ. நிலக்கடலை நூறு கிராமில் ஏறத்தாழ 570 கலோரி இருக்கிறது. சார்டினில் அதில் பாதிகூட இல்லை. அவலுக்கு அடுப்பே வேண்டாம். நம் பாட்டிமார்கள் பயணத்திற்குக் கட்டிக் கொடுத்தவையே எடை குறைந்தவை! மேலும், தகான் மலையில் நுழையும்போது உள்ளே கொண்டு செல்லும் நெகிழிப் பொட்டலங்களையும் தகரங்களையும் காவலர்கள் எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். திரும்பும்போது அத்தனையும் இருக்க வேண்டும். காலித் தகரத்தையும் நான்கு நாள் சுமக்க வேண்டும் என்பதைப் பட்டியல் எழுதியவர் எண்ணியிருக்க மாட்டார்.

கணக்குப் புத்தகத்தின் கடைசி வரி இப்படி வந்தது: அடிப்படை எடை 5.7 கிலோ. உணவு 2.6. தண்ணீர் 1.5. மொத்தம் 9.8 கிலோ. செலவு 283 வெள்ளி. அடுப்பும் பாத்திரமும் என்னுடையவை; இரவல்.

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 'எடை குறைவு' என்பதே இப்போது ஒரு பெரிய வணிகம். டைட்டானியம் பாத்திரம், டைனீமா என்னும் விந்தைத் துணியில் செய்த கூடாரம் என்று ஆயிரக்கணக்கில் விலை. அடிப்படை எடை நாலரைக் கிலோவுக்குக் குறைந்தால்தான் 'அதிலகு' வகுப்பில் சேர்ப்பார்களாம். அதற்காகத் தவம் கிடப்போர் உண்டு. இதில் இளைஞர்கள் மயங்குவதைப் பார்க்கிறேன். முதல் ஐந்து கிலோவைக் குறைக்கக் காசு தேவையில்லை, விட்டுவிட்டுப் போனால் போதும். அடுத்த இரண்டு கிலோவுக்குச் சிறிது செலவாகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நூறு கிராமும் நூறு வெள்ளி கேட்கும். அந்த இடத்தில் நின்றுகொள்ள வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்றொரு மூதாட்டி இருந்தார். பதினோரு பிள்ளைகளைப் பெற்றவர். 1955-ஆம் ஆண்டில், தம் அறுபத்தேழாவது வயதில், ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் நெடுவழியைத் தனியாக நடந்து முடித்தார். காலில் சாதாரணக் கேன்வஸ் காலணி. தோளில் தாமே தைத்த துணிப்பை. மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை ஒன்று! இவரை நான் வகுப்பிலும் சொல்வதுண்டு. ஆனால், இவரைக் காட்டி 'எதுவுமே வேண்டாம்' என்று பிள்ளைகளை அனுப்பக்கூடாது. அவர் வளர்ந்த பெண்மணி. பண்ணையில் வாழ்நாள் முழுவதும் உழைத்த உடல். தம் முடிவுக்குத் தாமே பொறுப்பு. பதினாறு வயதுப் பையனுக்கு நாம் பொறுப்பு.

அதனால்தான் சிலவற்றில் ஒரு காசும் குறைக்க விடமாட்டேன். நெற்றி விளக்கு: கையில் பிடிக்கும் விளக்கு உதவாது, இருட்டில் இரு கைகளும் வேண்டும். 35 வெள்ளி கொடுத்து, கூடுதல் மின்கலமும் வாங்கினோம். ஊதல். மருந்துப் பொட்டலம். மழையாடை. எல்லாவற்றிலும் மேலாக, இரவுக் குளிருக்கான உடை. ஆயிரம் மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறையும். கீழே இரவில் 23 பாகை என்றால் தகான் உச்சியில் பத்தை ஒட்டி வரும். நனைந்த உடலுக்கும் காற்றுக்கும் அது போதும், நடுக்கம் நிற்காமல் போக. பிற்பாடு ஒரு பயணத்தில் எடை குறைக்கும் ஆர்வக்கோளாறில் நான் கம்பளிச் சட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுச் சென்றேன். போத்தாக் முகாமில் விடிய விடிய உட்கார்ந்தே இருந்தேன். நண்பர் ஒருவர் குப்பைப்பையில் துளையிட்டு என் தலையில் மாட்டிவிட்டார். அன்று மிச்சமானது முந்நூறு கிராம்!

"மலிவுப் பொருள் நடுக்காட்டில் அறுந்துவிட்டால் யார் பதில் சொல்வது?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விலையுயர்ந்த பொருளும் அறும் என்பது என் முதல் மறுமொழி. இரண்டாவது, எதையும் முதன்முறையாக மலையில் பயன்படுத்தக்கூடாது. எங்கள் நால்வரும் பள்ளித் திடலில் ஓர் இரவு, மழையிலேயே, பிளைஷீட்டின் கீழ் உறங்கினார்கள். பையனின் பையில் ஒரு பட்டையின் கொக்கி அன்றே உடைந்தது. ஐந்து வெள்ளிக்கு மாற்றினோம். இத்தகைய இரவு ஒன்று இல்லாமல் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களைப் பார்த்தால் பெற்றோர்களே, தயங்காமல் கேள்வி கேளுங்கள். பொருள் என்ன விலை என்று கேட்பதைவிட அது முதன்மையான கேள்வி.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. முகாம் பட்டியல் எழுதும்போது ஒவ்வொரு பொருளுக்கு எதிரிலும் எடையையும், மலிவான மாற்று என்ன என்பதையும் எழுதுங்கள். 'கட்டாயம்', 'இருந்தால் நலம்' என்று பிரியுங்கள். நாம் இரண்டு வரி எழுதச் சோம்பினால் ஏதோ ஒரு வீட்டில் ஒரு தாய் அடகுக் கடைக்கு நடக்கிறார். அந்தப் பிள்ளை உண்மையான காரணத்தை நம்மிடம் சொல்லவே சொல்லாது. வயிற்றுவலி என்றுதான் சொல்லும். நாமும் 'இவனுக்கு ஆர்வமில்லை' என்று எழுதிவிடுவோம். எத்தனை பேரைப் பற்றி நான் அப்படி எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினேன். பரிசளிப்பு விழா மேடை அலங்காரத்திற்கு ஆகும் செலவில் பாதி இருந்தால் ஐந்து பிளைஷீட்டும் இருபது நுரைப்பாயும் பத்து நெற்றி விளக்கும் வாங்கிவிடலாம். ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கலாம் என்றேன். சிலர் தலையசைத்தார்கள். ஒருவர், "மலையேறினா மார்க் வருமா வாத்தியாரே?" என்று கேட்டார். சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். இருப்பினும் கூட்டம் முடிந்ததும் லாரி ஓட்டும் தந்தை ஒருவர், தம்மிடம் நல்ல கித்தான் துணியும் கயிறும் இருக்கின்றன, பயன்படுமா என்று கேட்டு மறுநாளே கொண்டுவந்தார். நிறுத்துப் பார்த்தேன், நாலரைக் கிலோ. மலைக்கு ஆகாது. பள்ளித் திடல் முகாமுக்கு ஆகும். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பையன் போய் வந்துவிட்டான். நான்காம் நாள் இரவு தாயோடு வீட்டிற்கு வந்து, கழுவித் துடைத்த அடுப்பையும் பாத்திரத்தையும் கொடுத்தான். வலது குதிகாலில் ஒரு கொப்புளம். காலணியின் உள்ளடி நகர்ந்துவிட்டதாம். அடுத்த முறை பசை வைத்து ஒட்ட வேண்டும் என்றான். மூன்றாம் நாள் இறக்கத்தில், கனத்த பை கொண்டு வந்த ஒருவனின் உணவுப் பொட்டலத்தை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டானாம். தாயார் தேநீர் அருந்தும்போது சங்கிலி கழுத்தில் இருந்ததைக் கண்டேன்.

அடுப்பும் பாத்திரமும் இப்போது பள்ளி விளையாட்டு அறையின் அலமாரியில், நான்கு நுரைப்பாய்களோடு இருக்கின்றன. பிள்ளையின் பழைய முதுகுப்பையோ உறக்கப்பையோ வீட்டில் சும்மா கிடந்தால் அங்கே கொண்டுவந்து வையுங்கள். எடையை நிறுத்து ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டு வைத்தால் இன்னும் நல்லது.